தேசவழமை: எங்கட குடும்பத்தை எழுதினது யார்?

யாழ்ப்பாணத்தில் கல்யாணம் கட்டின ஒரு பெண் காணி விற்கவோ ஈடு வைக்கவோ போனால், நொத்தாரிசு கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று: "அவரிட கையெழுத்து எடுக்கலாமோ?" காணி அவளின் பேரில் இருக்கும். அவளின் தாய் சீதனமாக எழுதிக் கொடுத்ததாக இருக்கும். அவள் ஆசிரியராக இருக்கலாம், வைத்தியராக இருக்கலாம், வீட்டில் உழைக்கிற ஒரே ஆளாகவும் இருக்கலாம். எண்டாலும் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேணும். ஏன் என்று கேட்டால் வீட்டுப் பெரியாக்கள் சொல்லுகிற பதில், "அது தேசவழமை, எங்கட சட்டம் அப்பிடித்தான்."

அந்த "எங்கட சட்டம்" எங்கேயிருந்து வந்தது என்று தேடிப் பார்த்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை. நாங்கள் சட்டபீட மாணவர்கள் இல்லை. ஆகவே வழக்குக்கு ஆலோசனை சொல்ல வரவில்லை. ஒரு சட்டம் குடும்பம் என்று எதைச் சொல்லுது, அப்படிச் சொல்லுகிற அதிகாரம் அதுக்கு யாரால் வந்தது என்ற வரலாற்றுக் கேள்வியைத்தான் கையில் எடுத்திருக்கிறோம்.

தமிழில் உறவுகளுக்குச் சொல் பஞ்சம் இல்லை. பெறாமகள், சம்பந்தி, சகலன், மச்சாள் என்று நீளமான பட்டியல் எங்களிட்ட இருக்கு. ஆனால் சட்டம் வேறு விதமாகக் கேட்கும். இவர் செத்தால் சொத்து யாருக்கு? இந்தப் பிள்ளையைப் பிள்ளை என்று ஏற்கலாமா? யார் யாருக்காகக் கையெழுத்து வைக்கலாம்? இந்த மூன்று கேள்விக்கும் கிடைக்கிற பதிலைச் சேர்த்துப் பார்த்தால் வருவதுதான் சட்டத்தின் குடும்பம். அது நாங்கள் வீட்டில் வாழுகிற குடும்பத்தோடு எப்பவும் பொருந்தி வருவதில்லை.

பன்னிரண்டு முதலியார்கள்

ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். காணி வழக்கும் முதுச வழக்கும் அவர்களின் நீதிமன்றங்களுக்கு வந்தபோது, ஊர் வழமை என்ன என்று ஒவ்வொரு முறையும் ஆளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருந்தது. 1703 முதல் 1707 வரை ஆளுநராக இருந்த கொர்னெலிஸ் யோவான் சைமன்ஸ், இந்த வழமைகளை எழுதித் தரும்படி கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரியிடம் பொறுப்புக் கொடுத்தார். ஐசாக்ஸ் யாழ்ப்பாணத்தில் முப்பத்தைந்து வருட அனுபவம் உள்ளவர். அவர் தான் கண்டதையும் கேட்டதையும் டச்சு மொழியில் தொகுத்து 1707 தொடக்கத்தில் ஒப்படைத்தார். யான் பிரூஸ் என்பவர் அதைத் தமிழுக்கு மாற்றினார். பிறகு அது பன்னிரண்டு முதலியார்களிடம் கொடுக்கப்பட்டது. அவர்கள் வாசித்து, இது எங்கட வழமைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். அதே வருடம் அது நடைமுறைக்கு வந்தது.

இந்தப் பன்னிரண்டு பேரும் ஆண்கள். ஒல்லாந்த அரசாங்கத்திடம் பதவி வைத்திருந்த, காணி பூமி உள்ள ஆக்கள். சீதனத்தைப் பற்றி அந்தத் தொகுப்பில் பக்கம் பக்கமாக இருக்கு. ஆனால் சீதனத்தோடு கல்யாணம் கட்டிக் கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் ஒப்புதல் அதில் இல்லை. அடிமைகளைப் பற்றியும் இருக்கு. அடிமையாக இருந்த ஒருவரின் ஒப்புதலும் இல்லை.

தொகுப்புக்குள் இருக்கிற குடும்பம்

தேசவழமையின் குடும்பத்தை விளங்கிக்கொள்ள மூன்று சொற்கள் போதும். கணவன் தன் பெற்றோர் வழியாகக் கொண்டுவருவது முதுசம். மனைவி கொண்டுவருவது சீதனம். இருவரும் கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதிப்பது தேடிய தேட்டம். பழைய வழமைப்படி முதுசம் ஆண்பிள்ளைகளுக்கு, சீதனம் பெண்பிள்ளைகளுக்கு, தேடிய தேட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். கணவன் மனைவி என்று ஒரு வீட்டில் இருந்தாலும் சொத்து இரண்டு ஆறாக ஓடுது. ஒன்று தகப்பனிடமிருந்து மகன்மாருக்கு, மற்றது தாயிடமிருந்து மகள்மாருக்கு.

எங்களை நிமிர்ந்து உட்கார வைத்த இடம் இதுக்கு அடுத்ததாக வருகிறது. இந்தப் பழைய வழமை காலப்போக்கில் மாறிவிட்டது என்று தொகுப்பே சொல்லுது. ஆட்சி மாறிய காலங்களில், குறிப்பாகப் போர்த்துக்கேயர் காலத்தில், பிலிப் மஸ்கரேஞ்ஞஸ் அதிகாரத்தில் இருந்தபோது, வழமைகள் கொஞ்சம் கொஞ்சமாக மாறின என்று அதில் எழுதப்பட்டிருக்கு. மகளுக்குச் சீதனம் கொடுக்கும்போது தாயின் சீதனத்திலிருந்து மட்டும்தான் கொடுக்க வேணும் என்ற கட்டு தளர்ந்து, முதுசத்திலிருந்தும் தேடிய தேட்டத்திலிருந்தும் கொடுக்கிற பழக்கம் வந்துவிட்டது. அதாவது "மாறாத பாரம்பரியம்" என்று நாங்கள் இன்றைக்குச் சொல்லுகிற ஆவணம், தொடக்கத்திலேயே தான் மாறின கதையைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்குது.

தொகுப்பின் குடும்பம் இன்றைய எங்கட கற்பனைக்குள் முழுசாக அடங்காது. தகப்பன் செத்தால் சொத்தைத் தாய் வைத்திருந்து பிள்ளைகளை வளர்ப்பாள். அவள் மறுமணம் செய்யாத வரைக்கும் மகன்மார் பங்கு கேட்டு வர ஏலாது. கல்யாணம் கட்டாத மகன் உழைத்த காசு, அவன் உடம்பில் போட்டிருக்கிற நகையைத் தவிர, பெற்றோரின் பொதுச் சொத்துக்குத்தான் சேரும். கைம்பெண் மறுமணம் செய்வது சாதாரண விஷயமாகவே அதில் பேசப்படுது. மறுபக்கம், சீதனம் வாங்கிக்கொண்டு போன மகள் அதோடு திருப்திப்பட வேணும். சகோதரர்கள் இருக்கும்போது பெற்றோரின் மிச்சச் சொத்தில் அவளுக்குப் பங்கில்லை. சீதனம் ஒரு பரிசு என்று நினைக்கிறோம். சட்டத்தின் கண்ணில் அது பங்கைத் தீர்த்து அனுப்பிவிடுகிற கணக்கு.

சுவீகாரமும் அதில் இருக்கு. பிள்ளை இல்லாதவர்கள் ஒரு பிள்ளையை எடுக்க விரும்பினால், தங்களுக்குப் பிறகு சொத்துக்கு உரித்தாளிகளாக வரக்கூடிய சகோதரங்களின் சம்மதம் வேணும். பிறகு சாட்சிகளுக்கு முன்னால் மஞ்சள் தண்ணி குடிக்கிற சடங்கு. இரத்தம் இல்லாமலும் பிள்ளையாகலாம் என்று எங்கட முன்னோர் ஏற்றிருக்கிறார்கள். ஆனால் சொத்துக்குக் காத்திருந்த சொந்தக்காரரின் அனுமதியோடு.

வீட்டுக்குள் இருந்த மற்ற ஆக்கள்

தேசவழமையைப் பெருமையாகப் பேசுகிற மேடைகளில் அநேகமாக விட்டுப்போகிற ஒரு பகுதி இருக்கு. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்று பெயர் சொல்லி, அடிமைகளைப் பற்றிய விதிகள் தொகுப்பில் வருகின்றன. யாருடைய அடிமை யாரைக் கட்டலாம், அவர்களுக்குப் பிறக்கிற பிள்ளை யாருக்குச் சொந்தம் என்பதெல்லாம் வீட்டு விதிகளாகவே எழுதப்பட்டிருக்கு. முதுசமாகவும் சீதனமாகவும் கைமாறியவற்றில் மனிதர்களும் இருந்தார்கள்.

அடிமை நிலை தாய் வழியாகத்தான் பிள்ளைக்கு வந்தது. இதைப் பிரித்தானியர் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். 1821 ஆம் ஆண்டு ஒழுங்குவிதி ஒன்றின்படி, கோவிய, நளவ, பள்ளப் பெண்களுக்குப் பிறக்கிற பெண்குழந்தைகளை அரசாங்கம் சொந்தக்காரருக்குச் சிறு தொகை கொடுத்து விடுவிக்கத் தொடங்கியது. பெண் விடுபட்டால் அடுத்த தலைமுறையும் விடுபடும் என்பது கணக்கு. 1844 இல் அடிமை முறை சட்டத்திலிருந்து முழுதாக நீக்கப்பட்டது.

ஒரு வீட்டுக்காரருக்குத் தாய்வழி என்றால் சீதனக் காணி. அதே வீட்டின் பின்பக்கத்தில் இருந்த பெண்ணுக்குத் தாய்வழி என்றால் அடிமை நிலை. ஒரே தொகுப்பு, ஒரே காலம். 1844 க்குப் பிறகு அந்த விதிகள் செத்துப் போயின. அதுக்காகத் தேசவழமை அழிந்துவிட்டது என்று யாரும் அழவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கோ, கடைசியில் திரும்ப வருவோம்.

ஒரே மொழி, வேறு வேறு குடும்பம்

பிரித்தானியர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதி மூலம் தேசவழமைக்கு முழுச் சட்ட வலு கொடுத்தார்கள். யாழ்ப்பாண மாகாணத்தின் "மலபார் குடிகளுக்கு" இது பொருந்தும் என்றார்கள். அந்தக் காலத்து ஐரோப்பியர் தமிழரை அப்படித்தான் அழைத்தார்கள். ஆகவே இது தமிழர் எல்லாருக்குமான சட்டம் இல்லை. வடக்கைத் தாயகமாகக் கொண்ட தமிழருக்கு மட்டுமான ஆள்சார் சட்டம். மலையகத் தமிழரும் கிழக்குத் தமிழரும் இதுக்குள் வரமாட்டார்கள்.

மட்டக்களப்புப் பக்கம் வேறு கதை. அங்கே முக்குவர் சட்டம் என்று ஒன்று இருந்தது. குடி தாய் வழியாக வரும். ஒரு ஆணின் முதுசம் அவனின் சொந்தப் பிள்ளைகளுக்குப் போகாது, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். மருமகன் என்ற உறவுக்கு அங்கே இருந்த எடை யாழ்ப்பாணத்தில் இல்லை. 1876 இல் வந்த திருமண உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய கட்டளைச்சட்டம், கண்டியர், முஸ்லிம்கள், தேசவழமைக்குட்பட்ட தமிழர் தவிர்ந்த எல்லாரையும் ஒரே விதிக்குள் கொண்டுவந்தது. முக்குவர் சட்டத்துக்கு அதில் விலக்குக் கிடைக்கவில்லை. ஒரு கையெழுத்தோடு, மட்டக்களப்பு நீதிமன்றத்தில் குடும்பம் என்றால் என்ன என்பது மாறிப் போனது. ஆனால் சனம் முழுசாக மாறவில்லை. மகளுக்கு வீடு கொடுத்து, மருமகன் அந்த வீட்டுக்கு வந்து இருக்கிற வழக்கம் கிழக்கில் இன்றைக்கும் இருக்கு.

இரண்டு வழமைகள், இரண்டும் தமிழருடையவை. ஒன்று ஒல்லாந்தரின் தாளில் ஏறியதால் சட்டமாக நின்றது. மற்றது பாதுகாப்புக் கிடைக்காமல் சட்டத்திலிருந்து மறைந்தது. பழமையை வைத்துப் பார்த்தாலோ நியாயத்தை வைத்துப் பார்த்தாலோ இந்த வித்தியாசத்துக்கு விளக்கம் கிடைக்காது.

அந்தக் கையெழுத்து எப்போது வந்தது?

இப்ப நொத்தாரிசின் கேள்விக்கு வருவோம். 1707 தொகுப்பிலேயே மனைவி கணவனின் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டவள், அவனின் சம்மதமில்லாமல் நன்கொடை கொடுக்க ஏலாது என்ற கருத்து இருக்கு. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் இன்றைக்குக் கணவனின் கையெழுத்துக் கேட்கப்படுவது 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய கட்டளைச்சட்டத்தின் 6 ஆம் பிரிவின் பேரில். மனைவியின் தனிச் சொத்து அவளுடையதுதான், அசையும் சொத்தை அவள் விருப்பப்படி கொடுக்கலாம், அசையாச் சொத்தை உயிரோடு இருக்கும்போது கைமாற்ற மட்டும் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேணும் என்று அது சொன்னது. மரண சாசனம் எழுத அவனின் சம்மதம் தேவையில்லை. செத்த பிறகு யாருக்கு என்று அவள் தனியாக முடிவெடுக்கலாம். உயிரோடு இருக்கும்போது ஏலாது.

இந்த வாசகத்தைத் தேடிப் போனால், 1876 கட்டளைச்சட்டத்தில் மற்ற இலங்கைப் பெண்களுக்குப் போட்ட நிபந்தனையும் அதேதான். வாசகம்கூடக் கிட்டத்தட்ட அதே. ரோமன் டச்சுச் சட்டம் கணவனுக்குக் கொடுத்த அதிகாரத்தின் நிழல் அது. 1923 இல் 18 ஆம் இலக்க மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச்சட்டம் வந்தபோது மற்றப் பெண்களுக்கு அந்தக் கட்டு அவிழ்ந்தது. தேசவழமைக்குட்பட்ட பெண்கள் அந்தச் சட்டத்துக்கு வெளியே விடப்பட்டார்கள். இலங்கையின் பொதுச் சட்டம் கழட்டி எறிந்த ஒரு சட்டையை நாங்கள் போட்டுக்கொண்டே இருந்தோம். காலம் போகப் போக அது எங்கட பாரம்பரிய உடுப்பு என்று பேராகிவிட்டது.

1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தது. அதுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மணமான ஒரு பெண் அரசாங்கசபைக்கு ஆளைத் தெரிவு செய்யலாம். தன்ர சீதனக் காணியில் ஒரு பரப்பைத் தனியாக விற்க ஏலாது.

அதே 1911 சட்டத்தின் 3 ஆம் பிரிவையும் பாருங்கோ. யாழ்ப்பாணப் பெண் ஒருத்தி மட்டக்களப்புப் பெடியனைக் கட்டினால், அந்தக் கல்யாணம் இருக்கும்வரை தேசவழமை அவளுக்குப் பொருந்தாது. மட்டக்களப்புப் பெண் ஒருத்தி யாழ்ப்பாணப் பெடியனைக் கட்டினால் அவள் தேசவழமைக்குள் வந்துவிடுவாள். ஆண் எங்கே போனாலும் அவன்ர சட்டம் அவனோடு போகும். பெண்ணுக்குச் சட்டம் புருஷனோடு வரும், புருஷனோடு போகும். பிறந்த இடத்து அடையாளம் என்று நாங்கள் பெருமைப்படுகிற ஒன்று, பெண்ணுக்கு மட்டும் கல்யாணத்தோடு கழன்று விழுகிற மாதிரி எழுதப்பட்டிருக்கு.

மனைவியா, கைம்பெண்ணா?

இந்தச் சட்டத்தின்படி கல்யாணம் கட்டாத பெண் தன் காணியை விற்கலாம். கைம்பெண்ணும் விற்கலாம். மனைவிக்குத்தான் கட்டு. அப்ப கணவன் எங்கே என்றே தெரியாத பெண்?

போர் இந்தக் கேள்வியை வடக்கில் ஏராளமான வீடுகளுக்குக் கொண்டுவந்தது. காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவி, சட்டத்தின் கண்ணில் இன்னும் மனைவி. காணியை ஈடு வைத்துக் கடன் எடுக்க, பிள்ளையின் படிப்புக்கு ஒரு துண்டை விற்க, இல்லாத ஒருவரின் கையெழுத்து வேணும். 1911 சட்டத்திலேயே ஒரு வழி இருக்கு. கணவன் கைவிட்டுப் போயிருந்தால், இருப்பிடம் தெரியாவிட்டால், காரணமில்லாமல் சம்மதம் மறுத்தால், மாவட்ட நீதிமன்றம் அவனுக்குப் பதிலாகச் சம்மதம் கொடுக்கலாம். ஆனால் அதுக்குச் சட்டத்தரணி வேணும், காசு வேணும், தவணைக்குத் தவணை அலைய வேணும். தன் பேரில் உள்ள காணிக்குத் தான் பொருத்தமான ஆள்தான் என்று ஒரு நீதிபதிக்கு முன்னால் நிரூபிக்க வேணும்.

மற்ற வழி, அவர் செத்துவிட்டார் என்று பதிவது. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் காணாமல் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க வழி செய்தது. கனபேர் அதை வாங்க மறுத்தார்கள். அதை வாங்குவது, எங்கே அவர் என்று கேட்கிற உரிமையை நாங்களே விட்டுக்கொடுப்பது மாதிரி என்பது அவர்களின் நியாயம். 2016 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று வேறொன்று வந்தது. செத்தவருக்கும் இருப்பவருக்கும் நடுவில் ஒரு நிலை இருக்கு என்பதைச் சட்டம் ஒத்துக்கொள்ள அவ்வளவு காலம் எடுத்தது. தெருவோரப் பந்தலில் படத்தோடு இருந்த பெண்களுக்கு அது எப்பவோ தெரியும்.

"எங்கட அடையாளத்தில் கை வைக்காதேங்கோ"

இந்தப் பிரிவுகளை மாற்ற வேணும் என்று பெண்கள் அமைப்புகள் நெடுங்காலமாகக் கேட்கின்றன. அரசியலமைப்பின் 12 ஆவது உறுப்புரை எல்லாரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. அதே அரசியலமைப்பின் 16 ஆவது உறுப்புரை, முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. 1978 இலிருந்து அந்தக் கதவு பூட்டித்தான் இருக்கு. அதைத் திறக்கக் கேட்டால் எங்கட பக்கத்திலிருந்தே எதிர்ப்பு வருது. மொழிக்கும் நிலத்துக்கும் போராடின சனத்திடம் மிஞ்சியிருக்கிற ஒரு தனிச் சட்டம் இது, இதிலும் கை வைக்கவோ என்று கேட்கிறார்கள்.

இந்தப் பயத்தை நாங்கள் சிரித்துத் தள்ளவில்லை. காணி பறிபோன அனுபவம் உள்ள சமூகம் இது. தேசவழமையின் முன்கொள்வனவு உரிமை, அதாவது பங்குக் காணியை வெளியாருக்கு விற்க முதல் கூட்டுச் சொந்தக்காரருக்கும் உரித்தாளிகளுக்கும் கேட்க வேணும் என்ற விதி, காணியை உறவுக்குள் வைத்திருக்க உதவியிருக்கு. ஆனால் அந்த விதியும் 1947 இல் 59 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தால் திருத்தி எழுதப்பட்டதுதான். அதே வருடம் தேடிய தேட்டத்தின் விளக்கமும் திருத்தப்பட்டது. சுவீகாரத்துக்கு 1941 இல் தனிச் சட்டம் வந்தது. அடிமை விதிகள் 1844 இல் போயின. போர்த்துக்கேயர் காலத்து மாற்றம் தொகுப்பிலேயே இருக்கு. இவ்வளவு மாற்றத்துக்கும் தாங்கின அடையாளம், ஒரு பெண் தன்ர காணி உறுதியில் தனியாகக் கையெழுத்து வைத்தால் மட்டும் உடைந்துவிடும் என்று சொல்லுவதை எங்களால் ஏற்க முடியவில்லை.

வழமை என்றால் சனம் வழங்கி வருவது. இன்றைக்கு வடக்கில் சனம் என்ன வழங்கி வருகிறது என்று யாராவது ஐசாக்ஸ் மாதிரிக் குறிப்பெடுக்க வந்தால், தனியாக வீட்டை நடத்துகிற பெண்களை, வெளிநாட்டிலிருந்து அக்கா அனுப்புகிற காசில் கட்டின தம்பியின் வீட்டை, பெறாமகளை மகளாக வளர்க்கிற சித்தியை எல்லாம் எழுத வேண்டி வரும். எழுதி முடித்த பிறகு அதை வாசித்து ஒப்புக்கொள்ள யாரிடம் கொடுப்பது என்பதுதான் கேள்வி. 1707 இல் பன்னிரண்டு முதலியார்களிடம் கொடுத்தார்கள். இந்த முறை அந்த வரிசையில் காணியின் சொந்தக்காரியும் இருக்க வேணும்.